ஒரே சுருதியில் ஆறு தந்திகள்: 'வீனஸ் இன் ஃபர்ஸ்' பாடலின் ஒலியை மீண்டும் கட்டிய அனுபவம்

1960-களின் நியூயார்க் ராக் இசைக்குழுவான வெல்வெட் அண்டர்கிரவுண்டின் 'வீனஸ் இன் ஃபர்ஸ்' பாடலை முதல் முறை வாசித்துப் பதிவுசெய்தபோது கார்டுகளில் பிழையில்லை, காலப்பிரமாணம் மூலத்தைப் போலவே நிதானமாக இருந்தது, கிதாரின் ஒலியிலும் வேண்டிய அளவு கரகரப்பு இருந்தது. ஆனாலும் பதிவைப் போட்டுக் கேட்டபோது பழைய நாட்டுப்புறக் கதைப்பாடல் ஒன்றுதான் காதில் விழுந்தது. கரகரப்பைக் கூட்டினேன், எதிரொலியைக் கூட்டினேன். கதைப்பாடல் சத்தமான கதைப்பாடலாக மாறியதே தவிர, அந்தப் பாடலாக மாறவில்லை.

தவறு எங்கே என்பதை அக்குழுவின் சொந்தப் பதிவொன்றே எனக்குக் காட்டியது. 1965 ஜூலையில் நியூயார்க்கின் லட்லோ தெருவில் இருந்த வீட்டில் குழுவின் பாடகர் லூ ரீட், ஜான் கேல், ஸ்டெர்லிங் மாரிசன் ஆகிய மூவரும் தங்கள் பாடல்களைச் சாதாரண நாடாப் பதிவுக் கருவியில் பதிவுசெய்தனர். அந்த நாடா 1995-இல்தான் வெளியிடப்பட்டது. அதில் இப்பாடலைப் பாடுபவர் ரீட் அல்லர், கேல். மின் கருவிகள் இல்லாத அந்தப் பாட்டு, நான் பதிவுசெய்து வைத்திருந்ததைப் போலவே ஒரு பழங்காலக் கதைப்பாடலாக ஒலிக்கிறது. வரிகள் அப்போதே இருந்தன, மெட்டும் இருந்தது. நாம் இன்று அறிந்த வடிவம் 1966 மே மாதம் ஹாலிவுட்டின் டி.டி.ஜி. ஸ்டுடியோவில் பதிவானது. இடைப்பட்ட பத்து மாதங்களில் பாடலுக்குள் வந்து சேர்ந்தவை மூன்று: எல்லாத் தந்திகளையும் ஒரே சுரத்துக்குக் கூட்டிய கிதார், குதிரையை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டை) தட்டையாக்கிக் கேல் வாசித்த மின் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வில் கருவி), மாரீன் டக்கரின் டிரம். இம்மூன்றையும் மென்பொருளால் போலி செய்யாமல், மரத்திலும் கம்பியிலும் செய்து பார்ப்பது என்று முடிவுசெய்தேன்.

கிதாரில் தொடங்கினேன். 1964-இல் ரீட், பிக்விக் என்ற மலிவு விலை இசைத்தட்டு நிறுவனத்தில் சம்பளத்துக்குப் பாட்டெழுதிக்கொண்டிருந்தார். அங்கே பதிவான 'தி ஆஸ்ட்ரிச்' என்ற நடனப் பாட்டில் கிதாரின் ஆறு தந்திகளையும் ஒரே சுரத்துக்குக் கூட்டியிருந்தார். அப்பாட்டின் பெயரால் அந்த முறை இன்றும் 'ஆஸ்ட்ரிச் கிதார்' என்றே வழங்குகிறது. அப்பாட்டை மேடைகளில் வாசிக்க ஆள் சேர்த்தபோது வந்தவர்களில் ஜான் கேலும் டோனி கான்ராடும் இருந்தனர். இருவரும் அந்நாளில் இசையமைப்பாளர் லா மான்டே யங்கின் குழுவில், ஒரே சுரத்தை மணிக்கணக்கில் நீட்டி, அதனுள் எழும் மேற்சுரங்களை (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் ஒலிக்கும் சுரங்களை) கேட்கும் இசையில் மூழ்கியிருந்தவர்கள். தாங்கள் தவம்போல் செய்துகொண்டிருந்ததை ஒரு மலிவு நடனப் பாட்டில் இன்னொருவர் செய்திருப்பதைக் கண்டு அவர்கள் வியந்தனர். இந்தக் குழு பிறந்த கதையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுவே: ரீடையும் கேலையும் முதலில் சேர்த்து வைத்தது பாட்டின் பொருளோ தோழமையோ அன்று, சுருதி.

சாதாரணத் தந்திகளை அப்படியே வைத்துக்கொண்டு ஆறையும் 'டி' என்ற மேற்கத்திய சுரத்துக்குக் கொண்டுவர முயன்றது என் முதல் பிழை. ஐந்தாம் தந்தியைக் கீழ் ஸ்தாயி டி-க்கு இறக்கினால் அது தளர்ந்து விரற்பலகையில் அடித்தது. மேலே ஏற்றினால் இழுவிசை அச்சமூட்டும் அளவுக்குக் கூடியது. மூன்றாம் தந்தியின் நிலையும் ஏறக்குறைய அதுவே. ஆகவே தந்திகளை இரட்டை இரட்டையாக அமைத்தேன்: 0.046 அங்குலத் தடிமனில் இரண்டு, 0.026-இல் இரண்டு, 0.010-இல் இரண்டு. இவை முறையே 73.4, 146.8, 293.7 ஹெர்ட்ஸ் என மூன்று ஸ்தாயிகளில் டி-யாக நின்றன. மொத்த இழுவிசை வழக்கத்தைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்ததால் கிதாரின் கழுத்து சற்றே பின்னோக்கி நிமிர்ந்து, முதல் சில கட்டைகளில் தந்தி உரசியது. கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கால் சுற்றுத் தளர்த்தியதும் அது சரியாயிற்று. கழுத்தின் உச்சியில் தந்திகள் பதியும் மேருவின் பள்ளங்கள் தடித்த தந்திக்குப் போதாமல் ஒரு பள்ளத்தை மட்டும் அரத்தால் அகலப்படுத்த வேண்டியிருந்தது.

ஒரு இணையின் இரு தந்திகளையும் கருவி காட்டும் துல்லியத்தோடு ஒன்றாகக் கூட்டியபோது ஒலி கெட்டியாக இருந்தது, ஆனால் உயிரில்லை. மேல் இணையில் ஒரு தந்தியை மட்டும் 3 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) இறக்கினேன். 293.7 ஹெர்ட்ஸில் 3 சென்ட் என்பது ஏறக்குறைய அரை ஹெர்ட்ஸ். ஆகவே, நெருங்கிய இரு சுரங்கள் சேரும்போது ஒலி கூடிக் குறையும் விம்மல் இரண்டு நொடிக்கு ஒன்றாக எழுந்து அடங்கியது. பள்ளிப் பாடத்தில் இசைக்கவைகளைக் கொண்டு விம்மல்களைக் கற்றபோது, அது ஒரு பாட்டின் மூச்சாக இருக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. கீழ் இணையில் அதே 3 சென்ட் எட்டு நொடிக்கு ஒரு விம்மலையே தருகிறது. மூன்று இணைகளும் வெவ்வேறு வேகத்தில் விம்மும்போது, கையை அசைக்காமல் ஒரே அடியை நீள விட்டாலும் ஒலி தானாகவே உள்ளுக்குள் நகர்கிறது. தம்புராவைக் கூட்டிப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. எனக்குக் கிதாரில் இது புதிது.

வயோலாதான் அதிக நாள்களைத் தின்றது. உறவினர் ஒருவரிடம் உறை கிழிந்து கிடந்த கருவியைக் கேட்டு வாங்கினேன். ஆர்வத்தில் நான்கு தந்திகளையும் ஒரே மூச்சில் கழற்றினேன். குதிரை சாய்ந்தது, அதைத் தொடர்ந்து உடலுக்குள் ஏதோ உருளும் ஓசை கேட்டது. மேல் பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே, பசையின்றி, தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கும் சவுண்ட்போஸ்ட் என்ற சிறு மரத்தண்டு விழுந்துவிட்டது. பழுது பார்க்கும் பெரியவரிடம் எடுத்துச் சென்றபோது, "எல்லாத் தந்தியையும் ஒண்ணா கழட்டலாமா தம்பி? அப்புறம் உள்ளே இருக்கிறது எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?" என்று கேட்டுவிட்டு, வளைந்த கம்பி ஒன்றை எஃப் வடிவத் துளை வழியே விட்டு, சற்று நேரத்தில் அதை மீண்டும் நிறுத்திக் கொடுத்தார். அதன்பின் ஒவ்வொரு தந்தியாக மட்டுமே மாற்றினேன். இந்த வேலையில் இறங்கும் எவரும் அப்படியே செய்ய வேண்டும்.

வயோலாவின் குதிரை வில்போல வளைந்திருப்பதற்குக் காரணம் உண்டு: வில் ஒரு நேரத்தில் ஒரு தந்தியையோ அடுத்தடுத்த இரண்டையோ மட்டும் தொடுவதற்கே அந்த வளைவு. கேல் அந்த வளைவைத் தட்டையாக்கி, மூன்று நான்கு தந்திகள் ஒருசேர ஒலிக்கும்படி செய்தார். தந்திகளுக்கும் கிதார், மாண்டலின் தந்திகளைப் பயன்படுத்தினார். இதைப் படிப்பது எளிது. செய்யும்போது நடு இரு தந்திகளின் இடத்தைச் சீவித் தாழ்த்தினேன். விரற்பலகையும் வளைந்ததுதான் என்பதை மறந்துவிட்டேன். பலகையின் மேடு நடுவில் இருப்பதால், தாழ்ந்த தந்திகள் அதன் மேல் படுத்துக்கொண்டு கரகரத்தன. முதல் குதிரை வீணாயிற்று. இரண்டாவதில் நடுவைத் தொடாமல், செதுக்காத புதுக் கட்டையை எடுத்து, வெளித் தந்திகளின் இடத்தையும் நடுவின் உயரத்துக்கே விட்டுத் தட்டையாக்கினேன். இப்போது வெளித் தந்திகள் பலகையிலிருந்து மிக உயரத்தில் நிற்கின்றன. விரல் வைத்து அழுத்துவது கடினம். ஆனால் அவை நீளும் சுருதிக்கான திறந்த தந்திகள், விரல் தேவையில்லை. முற்றிலும் தட்டையாக இருந்தால் வெளித் தந்தியை மட்டும் வாசிக்க வில்லைச் சாய்க்கும்போது வில் கருவியின் இடுப்பு விளிம்பில் இடிக்கிறது என்பதும் தெரிந்தது. ஆகவே இரு ஓரங்களிலும் மிகச் சிறிய சரிவை மட்டும் விட்டேன். கேல் தம் குதிரையை எவ்வளவு தட்டையாக்கினாரோ, இந்த இரு எல்லைகளுக்கு நடுவில்தான் அவரும் நின்றிருக்க வேண்டும்.

தந்திகளின் தடிமனிலும் ஒரு கணக்கு உண்டு. கிதாரில் அதிரும் நீளம் சுமார் 65 சென்டிமீட்டர், வயோலாவில் சுமார் 37. ஒரே தந்தியை அதே சுரத்தில் வயோலாவில் மாட்டினால் இழுவிசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கிதாரில் டி-யாக நன்றாக ஒலித்த 0.026 தந்தி வயோலாவில் துவண்டு கிடந்தது இதனால்தான். பல சேர்க்கைகளை முயன்றபின் 0.036, 0.026, 0.017, 0.011 என்ற வரிசையில் நின்றேன். ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், மேல் பஞ்சமம் என்று கூட்டினேன். சுற்றுக்கம்பி உள்ள கிதார் தந்திகள் வில்லின் மயிரை அரம்போல் தின்கின்றன. மெல்லிய எஃகுத் தந்திகள் குதிரையின் மரத்தை அறுக்கின்றன; அவற்றின் அடியில் சிறு தோல் துண்டை ஒட்டினேன். தந்தியை முறுக்கும் மரப் பிரடையில் எஃகுத் தந்தியை நுணுக்கமாகக் கூட்ட இயலாது என்பதால் அடிப்பகுதியில் சிறு திருகுகளையும் பொருத்தினேன்.

ஒலியை மின்னாக்க, குதிரையின் காலருகே, அதிர்வை மின்னாக மாற்றும் பியசோ தகடு ஒன்றை ஒட்டி, அதைப் பதிவுக் கருவியில் நேராகச் செருகினேன். கேட்டது வயோலா அன்று, தகரம். தகட்டின் மின்தேக்குதிறன் சுமார் 15 நானோ ஃபாரட்; செருகிய உள்ளீட்டின் மின் எதிர்ப்பு 10 கிலோ ஓம். இவை இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அனைத்தையும் வடிகட்டிவிடுகின்றன, நமக்கு வேண்டிய சுருதியோ 150-க்கு அருகில் இருக்கிறது. ஒரு மெகா ஓம் உள்ளீடு கொண்ட சிறு இடைநிலைச் சுற்று ஒன்றை டி.எல்.072 என்ற ஒலிபெருக்கிச் சில்லைக் கொண்டு செய்து நடுவில் வைத்ததும் அந்த எல்லை சுமார் 10 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, மரத்தின் வயிறு முழுதும் கேட்டது.

எல்லாம் கூடிவந்த பிறகும் ஒலியில் ஒரு முரட்டு நடுக்கம் இருந்தது. நொடிக்கு மூன்று முறை துடிக்கும் அந்த நடுக்கம், நான் திட்டமிட்ட மெல்லிய விம்மல்களையெல்லாம் மூடிவிட்டது. தந்திகளைத் திரும்பத் திரும்பக் கூட்டினேன், குதிரையைச் சந்தேகித்தேன், பசையைச் சந்தேகித்தேன். நான்கு மாலைகள் இப்படிப் போயின. கடைசியில் கிதாரைத் தொடாமல் ஒலிபெருக்கியை மட்டும் கேட்டபோதுதான் புரிந்தது. தந்தியின் அதிர்வை மின்னாக்கும் என் கிதாரின் ஒற்றைச் சுருள் பிக்கப், வீட்டு மின்சாரத்தின் ரீங்காரத்தை வாங்கிக்கொண்டிருந்தது. நான் வேலை செய்த அறையில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் மூன்றாம் மேற்சுரம் 150. என் டி 146.8. இரண்டுக்கும் இடையிலுள்ள 3.2 ஹெர்ட்ஸ்தான் அந்த நடுக்கம்.

ரீங்காரத்தை ஒழிப்பதே முதலில் தோன்றிய வழி. இதற்காக எர்த் கம்பியைக் கழற்றிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது உயிருக்கு ஆபத்து, ஒருபோதும் செய்யக்கூடாது. நான் வேறொன்றை நினைத்துக்கொண்டேன். லா மான்டே யங்கின் குழுவில் இருந்த காலத்தில், அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையே ஆதாரமாக வைத்துத் தாங்கள் சுருதி கூட்டியதைக் கேல் பின்னாளில் விவரித்திருக்கிறார். குளிர்பதனப் பெட்டியின் முணுமுணுப்பு அவர்களுக்குத் தம்புராவாக இருந்தது. அந்தச் செய்தியை ஒரு சுவையான துணுக்காகவே நான் அதுவரை எண்ணியிருந்தேன். இப்போது அது எனக்கு வேலைக் குறிப்பாயிற்று. டி என்ற பெயரை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சுமார் 37 சென்ட் ஏற்றி, கிதாரை 75, 150, 300 ஹெர்ட்ஸுக்கும் வயோலாவை 150, 225, 300, 450 ஹெர்ட்ஸுக்கும் கூட்டினேன். நடுக்கம் கரைந்தது. ரீங்காரம் காணாமல் போகவில்லை. அது இசையின் அடித்தளமாகிவிட்டது. மின்வலையின் அதிர்வெண் எப்போதும் சரியாக 50-இல் நிற்பதில்லை, சற்று ஏறி இறங்கும். ஆகவே சில நொடிகளுக்கு ஒரு முறை மிக மெதுவான விம்மல் எழுந்து மறைகிறது. அதை நான் வைத்துக்கொண்டேன். பாடலின் பதிவு 60 ஹெர்ட்ஸில் கூட்டப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை உருவாக்கிய காது எத்தகைய பயிற்சியிலிருந்து வந்தது என்பதை அன்றைக்குத்தான் என் காதாலேயே அறிந்தேன்.

டிரம்முக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டக்கர் பாஸ் டிரம்மைப் படுக்க வைத்து, அதன் தோல் மேல்நோக்கி இருக்க, நின்றுகொண்டே மல்லட் எனும் பஞ்சுத் தலைக் கோல்களால் அடித்தார். சிம்பல்களை (கோலால் அடிக்கும் உலோகத் தட்டுகளை) ஏறக்குறைய விலக்கிவிட்டார். சிம்பல் ஒன்றை நானும் ஒரு முறை சேர்த்துப் பார்த்தேன்: அதன் ஓசை பரவும் இடமும் தந்திகளின் மேற்சுரங்கள் வாழும் இடமும் ஒன்றே என்பதால், ஒரே அடியில் வயோலாவின் மேற்பாதி மறைந்துபோயிற்று. டக்கர் அதை விலக்கியதை வறுமையாகவோ எளிமைக்கான ஆசையாகவோ மட்டும் எழுதுபவர்கள், இந்தத் தந்திகளுக்கு அருகில் ஒரு சிம்பலை வைத்துக் கேட்க வேண்டும். மெதுவான பாஸ் டிரம், ஒரு டாம்பரின், அவ்வளவே.

பதிவை ஒரே அறையில் மூன்று பேராக, ஒரே நேரத்தில் வாசித்துச் செய்தோம். வயோலா ஒருபோதும் நிற்காமல் இருந்ததால், பாடுபவருக்குச் சுருதி தவற இடமில்லை, அவசரப்படவும் இடமில்லை. முதல் முயற்சியில் நான் எவ்வளவு முயன்றும் வராத நிதானம் தானாக வந்தது. கதைப்பாடல் போய்விட்டது. அதே வரிகள்தான், அதே மெட்டுதான்.

மூலப் பாடலுக்கும் இரண்டு ஸ்டுடியோப் பதிவுகள் உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1966 ஏப்ரலில் நியூயார்க்கின் செப்டர் ஸ்டுடியோவில், நார்மன் டால்ஃபின் உதவியோடு குழு தன் பாடல்களைப் பதிவுசெய்து, ஏப்ரல் 25 என்று நாளிட்ட அசிட்டேட் தட்டொன்றைச் (மாதிரிக்காக வெட்டும் ஒற்றை இசைத்தட்டைச்) செய்தது. கொலம்பியா நிறுவனம் அதை மறுத்துவிட்டது. பிறகு தயாரிப்பாளர் டாம் வில்சனின் மேற்பார்வையில் ஹாலிவுட்டில் இப்பாடல் மறுபடி பதிவாகி, 1967 மார்ச்சில் வெளிவந்த முதல் ஆல்பத்தில் இடம்பெற்றது. அந்த அசிட்டேட் தட்டு 2002-இல் நியூயார்க்கின் பழம்பொருள் சந்தை ஒன்றில் 75 சென்ட்டுக்கு ஒருவர் கைக்கு வந்து, பின்னர் ஏலத்தில் 25,200 டாலருக்கு விற்பனையாயிற்று. இரு பதிவுகளையும் ஒப்பிடுவோருக்கு நான் சொல்லக்கூடியது, குரலை விட்டுவிட்டு வயோலாவை மட்டும் கேளுங்கள் என்பதே.

வெளிவந்தபோது அந்த ஆல்பம் மிகச் சிலரையே சென்றடைந்தது. 2006-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதைத் தேசிய ஒலிப்பதிவுப் பேரேட்டில் சேர்த்தது. அதன் வழித்தோன்றல்களைத் தேடுபவர்கள் கறுப்புக் கண்ணாடியையும் வரிகளின் துணிச்சலையும் பின்தொடர்கிறார்கள். தந்திகளைப் பின்தொடர்ந்தால் வேறொரு வழி தெரிகிறது. நியூயார்க்கில் இசையமைப்பாளர் கிளென் பிராங்கா பல கிதார்களில் தந்திகளை ஒரே சுரத்துக்குக் கூட்டிப் பெரிய இசைக் கோவைகளை எழுப்பினார். அவருடன் வாசித்த தர்ஸ்டன் மூரும் லீ ரனால்டோவும் சோனிக் யூத் குழுவில், பாட்டுக்குப் பாட்டு வேறு சுருதி கூட்டிய கிதார்களைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அந்தப் பாட்டுகளில் பலவற்றை நான் ஆண்டுக்கணக்கில் சாதாரணச் சுருதியில் வாசிக்க முயன்று தோற்றிருக்கிறேன். இந்த வேலைக்குப் பிறகுதான் அவற்றில் சிலவற்றை முதலில் பிரடையில் தேட வேண்டும் என்று புரிந்தது.

செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகாவில் இதே ஒலி வேறு விலை கேட்டது. 1968-இல் சோவியத் டாங்கிகள் நுழைந்த சில வாரங்களில் அங்கே தோன்றிய பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ் குழு, வெல்வெட் அண்டர்கிரவுண்டின் பாடல்களைத் தன் மேடையில் வாசித்தது. அதிலும் வயோலா இருந்தது, வாசித்தவர் யிர்ஷி கபேஷ். 1970-இல் தொழில்முறையில் வாசிக்கும் உரிமம் பறிக்கப்பட்டது. 1976-இல் அவ்வட்டத்தினர் மீது வழக்கு நடந்து நால்வருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவர்களில் ஒருவர் அக்குழுவின் சாக்ஸபோன் கலைஞர். அந்த வழக்கைக் கண்டு கொதித்தெழுந்தவர்கள் ஒன்றுகூடியதன் தொடர்ச்சியாகவே 1977 ஜனவரியில் 'சாசனம் 77' என்ற மனித உரிமை அறிக்கை வெளிவந்தது, அதை முன்னெடுத்தவர்களில் நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் ஒருவர். இதைப் படித்தபோதெல்லாம் அதிகாரத்தை அச்சுறுத்தியது சொற்களே என்று எண்ணியிருந்தேன். வில்லை ஒரு மணிநேரம் நிறுத்தாமல் இழுத்துப் பார்த்தபின், ஒருவர் சொல்லி நிறுத்த முடியாத அந்த ஒலிக்கும் அதில் பங்கிருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

வேலை இன்னும் முடியவில்லை. வில்லின் மயிர் பாதிக்கு மேல் போய்விட்டது. சுற்றுக்கம்பிக்கு மேல் தட்டைப் பட்டை சுற்றிய தந்திகளை அடுத்து மாட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாம் குதிரையில் 225 ஹெர்ட்ஸ் தந்தி நிற்கும் இடத்தில் தோலையும் மீறி ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. மூன்றாம் குதிரைக்கான கட்டையை வாங்கி, அதன் கால்களை மேல் பலகையின் வளைவுக்கு ஏற்பச் சீவத் தொடங்கியிருக்கிறேன். இடது கால் பொருந்திவிட்டது, வலது காலின் அடியில் இன்னும் ஒரு தாளின் தடிமனுக்கு வெளிச்சம் தெரிகிறது.